துரை அடுப்பு

கல்லேரிமேட்டுப் பங்களாவின் கூடத்தில் ஓர் அடுப்பு இருந்தது. அதில் யாரும் சோறாக்கியதில்லை. ஆள் குனிந்து உள்ளே போய் உட்காரும் அளவுக்கு வாய். அதன் தலைக்கு மேல், மாடியைத் துளைத்துக்கொண்டு கூரைக்கு வெளியே எழும்பிய செங்கல் புகைக்கூண்டு. சித்திரையில் காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு நிழல் தேடும் ஊரில், குளிர்காய ஓர் அடுப்பு. ஊரார் அதைத் துரை அடுப்பு என்றார்கள்.

கட்டியவர் எட்வர்ட் ஹாலம். உப்பு இலாகாவில் அதிகாரி. இங்கிலாந்தில் அவர் குடும்பத்துக்குக் கம்பளி வியாபாரத்தில் சேர்த்த சொத்து. ஹாலம் ஹால் என்று பெரிய மாளிகை. குளம், குதிரைகள், கண்ணுக்கு எட்டிய வரை புல்வெளி. அவர்கள் வழக்கப்படி வீடும் நிலமும் மூத்தவனுக்குப் போயின. மூன்றாமவனான எட்வர்டுக்குக் கப்பலில் ஓர் இடம் கிடைத்தது. அவர் பெரியபாளையத்துக்கு வடக்கே ஆரணியாற்றங்கரையில் மேட்டு நிலம் வாங்கி, தான் பிறந்த வீட்டை ஞாபகத்திலிருந்து கட்டினார். அதே தூண்கள், அதே நெட்டை ஜன்னல்கள், அதே அடுப்பு. முடிந்ததும் அண்ணனுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று மதராஸிலிருந்து புகைப்படக்காரரை வரவழைத்தார். படத்தில் கூண்டிலிருந்து புகை வர வேண்டும். அது மே மாதம். வைக்கோலை நனைத்துத் திணித்துக் கொளுத்தினார்கள். துரை கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்வை வழிய வாசலில் நின்றார். அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. அடுப்பு முதல் தடவை எரிந்தது அப்படி.

அவருடைய மகன், சுதந்திரத்துக்குச் சற்று முன் பங்களாவை விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் அப்பாவு. உப்புக்கும் நெல்லுக்கும் மாட்டு வண்டி விட்டுப் பிறகு நிலமாகச் சேர்த்தவர். அவருக்குப் பின் மகன் சுப்பராயன். அவருக்குப் பின் அவர் மகன் விமல். இவ்வளவும் இப்போது பங்களா வாசலில் பித்தளைப் பலகையில் வெட்டியிருக்கிறது. விமல் அந்த வீட்டை விருந்தினர் தங்கும் மாளிகையாக்கி, 'ஹாலம் ஹவுஸ்' என்று பழைய பெயரையே திரும்ப வைத்திருக்கிறான்.

அடுப்பு எரிந்த இரண்டாவது தடவை பலகையில் இல்லை.

ஊருக்கு வெளியே காலனியில் சாம்சன் என்று ஒரு பையன் இருந்தான்; அவன் அப்பா மோசஸ் சுப்பராயன் குடும்பத்துக்கு உழுதவர். அவருடைய அப்பாவும் உழுதவர். காலனியிலிருந்து பங்களாவுக்குப் பின்பக்கமாகத்தான் வழி. தாகம் என்றால் பின்வாசலில் நின்று இரண்டு கைகளையும் சேர்த்துக் குவிக்க வேண்டும். உள்ளிருந்து வருபவர்கள் சொம்பை உயரப் பிடித்து ஊற்றுவார்கள். சொம்பு விரலில் பட்டுவிடக் கூடாது. பாதித் தண்ணீர் முழங்கை வழியே ஓடி மண்ணில் போகும். மீதியைக் குடிக்கலாம்.

ஒரு வருஷம் அறுவடைக் கூலிக்காகக் காலனிக்காரர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள். அந்த வாரம் சுப்பராயனின் வைக்கோல் போர் ஒன்று எரிந்து போயிற்று. யார் வைத்தது என்று சொல்ல வேண்டும். மோசஸைக் கூப்பிட்டு விட்டார்கள். முதல் முறையாக அவர் முன்வாசல் வழியே உள்ளே போனார். பத்து வயது சாம்சன் பின்னாலேயே ஓடி, கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தான்.

அப்பாவை அடுப்புக்குள் உட்கார வைத்துக் கையைக் கட்டியிருந்தார்கள். அவருக்கு முன்னால் ஒரு சட்டியில் உமியும் காய்ந்த மிளகாயும் புகைந்தன. சாம்சனுக்கு ஒரு சத்தம் நன்றாகக் கேட்டது. இரும்பின் மேல் இரும்பு விழுகிற சத்தம். மேலே எங்கோ, சுவருக்குள்ளே. அதற்குப் பிறகு புகை வெளியே போகவில்லை. சுப்பராயன் மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மோசஸ் தண்ணீர் கேட்டார்.

"பேரச் சொல்லு, தண்ணி தர்றேன்," என்றார் சுப்பராயன்.

மோசஸ் இருமினார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதே பதில். மோசஸுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்ததா இல்லையா என்பது இன்றைக்கும் காலனியில் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் மோசஸ் இருமினார். வேறெதுவும் செய்ததாகச் சாம்சனுக்கு ஞாபகமில்லை. இருமலுக்கு நடுவில் சாப்பிட்டார், இருமலுக்கு நடுவில் ஜெபம் செய்தார். ஒருநாள் விடியற்காலை சத்தம் நின்றது. அது நின்றதால்தான் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

சாம்சன் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனான். ஒரு பெரிய தொழிற்சாலையின் பாய்லருக்குச் சாம்பல் அள்ளும் வேலை. முதல் வாரமே ஃபோர்மேன் ஒரு சங்கிலியை இழுத்தார். மேலே இரும்பின் மேல் இரும்பு விழுந்தது. சாம்சன் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டான்.

"இன்னாடா, பேயக் கண்டவன் மாதிரி நிக்கிற? டேம்பர்டா அது. தெறந்தா பொக மேல போவும். மூடினா நம்ம மேல வரும்," என்றார் ஃபோர்மேன்.

அதுவரை, மிளகாய் புகைந்தது, அப்பா இருமினார் என்றுதான் அவன் நினைத்திருந்தான். வெறும் கூண்டாக இருந்திருந்தால் பாதிப் புகை மேலே போயிருக்கும். யாரோ சங்கிலியை இழுத்திருக்கிறார்கள். இழுக்கச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணைக் காட்டியிருக்கிறார். சாம்சனின் கோபம் அன்றிலிருந்து வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கியது.

நன்றாகவே கற்றுக்கொண்டது. பாய்லர் பரீட்சை எழுதித் தேறினான். சுகிர்தாவைக் கட்டிக்கொண்டு திருவள்ளூரை ஒட்டி மணவாள நகரில் குடியேறினான். தொழிற்சாலையை மூடிய பிறகு, அரிசி ஆலை, சாயப் பட்டறை, பேக்கரி என்று எங்கே புகைபோக்கி மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஆடி மாதம் பெரியபாளையத்தில் கூட்டம் கூடும்போது பெட்டிக்கடைப் பக்கம் போய் நின்று கல்லேரிமேட்டு ஆட்களைத் தேடிப் பிடிப்பான்.

"பெரியவரு எப்டி கீறாரு?"

"கல்லு மாதிரி கீறாரு."

சாம்சன் முகம் மலரும். அவருக்கு நெஞ்சு வலி வந்த வருஷம் அவன் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிழைத்துவிட்டார் என்று கேட்ட பிறகுதான் சாப்பிட்டான். பழைய முதலாளி மேல் இவனுக்கு இவ்வளவு பாசமா என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

விமல் கூப்பிட்டது போன மார்கழியில். யாரோ ஆலைக்காரர் நம்பர் கொடுத்திருந்தார்.

"பாய்லர் சாம்சனா? எங்க பங்களால ஒரு ஓல்ட் ஃபயர்ப்ளேஸ் இருக்குது. பெரியபாளையம் தாண்டி, கல்லேரிமேடு. தை மாசம் ஓப்பனிங். அத எரிய வெச்சிக் குடுக்க முடியுமா?"

லைன் போய்விட்டதென்று விமல் ஹலோ ஹலோ என்றான்.

"வர்றேன் சார்," என்றான் சாம்சன்.

சுகிர்தா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பையைக்கூட வைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போவாத. அந்தாளுக்கு எம்பது தாண்டிட்சி. தானா போய்ச் சேருவான்."

"அதான் பயமா கீது."

"அடிச்சி கிடிச்சி வெச்சன்னா உள்ள பூடுவ. நான் கேரியர் தூக்கினு ஜெயிலுக்கு வர மாட்டேன், சொல்லிட்டேன்."

"கைய வெக்க மாட்டேன். அவன் இருமணும், நான் கேக்கணும். தண்ணி கேக்கணும். எங்கப்பா பேர அவன் வாயால சொல்லணும். அவ்ளோதான்."

"மறந்துட்டு இருப்பான்யா."

"மறந்திருந்தா இன்னும் நல்லது. இருமிகினே யோசிக்கட்டும்."

மறுநாள் அவள் நாஷ்டாவைக் கட்டிக் கொடுத்தாள்.

பங்களாவுக்குள் அவன் முன்வாசல் வழியாகவே போனான். பின்வழி இப்போது நீச்சல் குளமாகியிருந்தது. கூடத்தின் ஜன்னல்களில் கம்பிகள் இல்லை. ஏசிக்காக அத்தனையையும் ஒரே கண்ணாடியாக மூடியிருந்தார்கள். அவன் தொங்கிய ஜன்னலுக்கு வெளியே ஒரு செயற்கை அன்னப்பறவை நின்றது.

கூண்டுக்குள் ஏறிக் காக்கைக் கூடுகளையும் தேனடைகளையும் இறக்கினான். அடுப்பின் தொண்டையில் அந்த இரும்புத் தட்டு இருந்தது. துரு ஏறி, திறந்தபடியே உறைந்திருந்தது. அதன் நெற்றியில் ஹாலம் குடும்பத்து முத்திரை, ஒரு மான் தலை. சாம்சன் அதற்கு எண்ணெய் விட்டான். தேய்த்தான். வேறெந்த வேலையையும் அவன் அவ்வளவு பதமாகச் செய்ததில்லை. மூன்றாம் நாள், ஒரு விரலால் இழுத்தாலே தட்டு விழுந்தது.

விமல் வந்து பார்த்தான்.

"இன்னாது இந்தச் செயின்?"

"டேம்பர் சார். எரியும்போது தெறந்தே இருக்கணும். மூடினா பொக உள்ள வந்துடும்."

"ஓக்கே ஓக்கே. ஆனா செயின் இங்க தொங்கக் கூடாது பாஸ். போட்டோல அசிங்கமா வரும். அந்தாண்ட வராண்டாவுல வர மாதிரி பண்ணிடுங்க."

"வராண்டாவுலயா சார்?"

"கண்ணுல படக் கூடாது. அவ்ளோதான்."

சாம்சன் சுவரில் துளை போட்டுச் சங்கிலியை வராண்டாப் பக்கம் கொண்டுபோனான். அங்கே ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. அதன் வழியே கூடம் முழுவதும் தெரிந்தது. கடவுள் சில நேரம் கேட்டதற்கு மேலேயே செய்துவிடுகிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

சங்கிலியைச் சோதித்துப் பார்த்தபோது சுப்பராயன் கூடத்தில் இருந்தார். சக்கர நாற்காலி. மடியில் சால்வை. தட்டு விழுந்த சத்தத்துக்கு அவர் தலை நிமிர்ந்தது. சாம்சன் உள்ளே வந்தான்.

"அந்தத் தட்டு இன்னும் வேல செய்யுதா?"

"செய்ய வெச்சிட்டேன் பெரியவரே."

"நீ யாரு ஊட்டுப் புள்ள?"

"மணவாள நகருங்க."

"அதுக்கு முன்னாடி?"

"கும்மிடிப்பூண்டி. கம்பெனி வேல."

பெரியவர் அவனையே பார்த்தார். "எங்கியோ பாத்த மூஞ்சியா இருக்கு."

"கரி பூசிகினா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதாங்க," என்றான் சாம்சன்.

பெரியவரின் மனைவி குணசுந்தரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக வந்தாள். ஊரில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. புது வண்டி, புது மாடு, களத்து நெல், பேரன் பேத்தி, எதுவானாலும் மிளகாயும் கல்லுப்பும் சுற்றி நெருப்பில் போடாமல் விடமாட்டாள். மிளகாய் எரிந்து நெடி வந்தால் கண் ஒன்றுமில்லை என்று அர்த்தம். நெடி வராவிட்டால் பொல்லாத கண் பட்டிருக்கிறது. அப்போது திரும்பச் சுற்றிப் போட வேண்டும்.

"அம்மா, மொத மொதல்ல பத்த வெக்கிறீங்க. வெள்ளக்காரங்கள்லாம் வராங்களாம். அவ்ளோ பேரு கண்ணு," என்றான் சாம்சன்.

"நீ சொல்லித்தானா? நான் மொறத்துல எடுத்தே வெச்சிட்டேன்." அவன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். "உங்கள்ல இதெல்லாம் உண்டா?"

"எங்கள்ல இல்லம்மா. நெடி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. ஐம்பது பேர் இருக்கும். விருந்தாளிகளுக்குக் குளிர வேண்டும் என்பதற்காக விமல் ஏசியைக் கடைசி வரை குறைத்திருந்தான். பட்டுச் சேலைகளின் மேல் சால்வைகள் ஏறின. இங்கிலாந்திலிருந்து எட்வர்டின் கொள்ளுப்பேத்தி வந்திருந்தாள். ஹாலம் ஹாலை எப்போதோ விற்று, அதுவும் ஓட்டலாகிவிட்டதாம். அவள் வளர்ந்தது அடுக்குமாடியில். துரையின் புகைப்படத்தில் பார்த்த வீட்டை நேரில் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவள் அழுததை எல்லோரும் போனில் பிடித்தார்கள்.

ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க வேண்டும் என்று சாம்சனை வராண்டாவில் நிறுத்தியிருந்தார்கள். கோளாறு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள் என்பதும் சரிதான்.

விமல் வீட்டின் சரித்திரத்தை வாசித்தான். ஹாலம் குடும்பத்தின் பெருமை, அப்பாவுவின் உழைப்பு, சுப்பராயனின் தர்மசிந்தனை. பெரியவர் முதல் வரிசையில், அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்; பின்னால் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். கை தட்டினார்கள். விமல் நீளமான தீக்குச்சியால் விறகைக் கொளுத்தினான். தீ பிடித்தது. புகை சத்தமில்லாமல் மேலே போயிற்று. சாம்சன் செய்த வேலை அப்படி.

குணசுந்தரி முறத்தோடு வந்தாள். புருஷனைச் சுற்றினாள், மகனைச் சுற்றினாள், கூட்டத்தைப் பொதுவாக ஒரு சுற்றுச் சுற்றி ஒரு பிடி மிளகாயை நெருப்பில் போட்டாள். காத்திருந்தாள்.

நெடி வரவில்லை. எல்லாம் கூண்டு வழியே போய்விட்டது.

"பாத்தியா. ஒரு நெடி இல்ல. எவ்ளோ கண்ணு பாரு," என்று இன்னொரு பிடி போட்டாள்.

அதற்கும் வரவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு விமல் விளக்கினான். அவள் வியந்தாள். ஒரு சம்பந்தியம்மாள் முன்னால் வந்து, "எனுக்கும் ஒரு சுத்து சுத்துங்க. எங்க தெருவுல எல்லாம் கொள்ளிக்கண்ணு," என்றாள். சிரிப்பு. அடுத்தவள் வந்தாள், அடுத்தவன் வந்தான். குணசுந்தரிக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆளுக்கு ஒரு பிடி. முறம் காலியானது. சமையலறையிலிருந்து இன்னொரு முறம் வந்தது. அடுப்பு முழுக்க மிளகாய் சிவந்து கிடந்தது.

சாம்சன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். அந்த ஐம்பது பேர் மேல் அவனுக்குக் கோபமில்லை. முன்வாசல் கதவு திறந்துதான் இருந்தது, அவர்கள் ஓடிவிடுவார்கள். இரண்டாவது முறமும் காலியாகும் வரை இருந்தான். பிறகு சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டினான்.

இரும்பின் மேல் இரும்பு விழுந்தது.

சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரே ஒரு தலை திரும்பியது. சுப்பராயன் நெருப்பைப் பார்க்கவில்லை. நேராக வராண்டாச் சுவரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் புகை அடுப்பு வாய்க்கு வெளியே உருண்டு வந்து அவரை எட்டிவிட்டது.

முதல் இருமல். பிறகு ஐம்பது இருமல். நாற்காலிகள் சாய்ந்தன. கண்ணாடி ஜன்னல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். குணசுந்தரியை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் போகும்போதே, "நெடி வந்துட்சி, கண்ணு போய்ட்சி," என்று இருமலுக்கு நடுவில் சொல்லிக்கொண்டே போனாள். பெரியவரை நர்ஸ் தள்ளிக்கொண்டு போயிருப்பாள் என்று விமல் நினைத்தான். விமல் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று நர்ஸ் நினைத்தாள்.

சாம்சன் துண்டை நனைத்து மூக்கில் சுற்றிக்கொண்டான். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனான்.

கூடத்தில் ஓர் இருமல்தான் மிச்சம் இருந்தது. ஏழு வருஷம் கேட்ட சத்தம் அது. இப்போது வேறோர் ஆளின் நெஞ்சிலிருந்து வந்தது. சாம்சன் சாய்ந்து கிடந்த ஒரு நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"தண்ணி," என்றார் சுப்பராயன்.

"பேரச் சொல்லு, தண்ணி தர்றேன்."

அவர் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. அவனை உற்றுப் பார்க்க முயன்றார். துண்டுக்கு மேல் கண்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும். மறந்திருப்பார், தடுமாறுவார், நாலு பெயர் தப்பாகச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டலாம் என்று சாம்சன் எத்தனையோ வருஷமாக நினைத்து வைத்திருந்தான்.

"மோசஸு," என்றார் அவர். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அவன் சொல்லல," என்றார் பெரியவர். இருமல் அவரை முன்னால் மடக்கிப் போட்டது. நிமிர்ந்ததும் மறுபடியும் சொன்னார். "அவன் கடைசி வரைக்கும் சொல்லல."

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயரும் தெரியும், அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். சாம்சன் மனதில் கொஞ்சம் இளகியிருந்த ஏதோ ஒன்று அப்போது இறுகியது.

சுவரோரம் மேசையில் புதினா போட்ட தண்ணீர் கண்ணாடிக் கூஜாவில் இருந்தது. பக்கத்திலேயே டம்ளர்கள். சாம்சன் கூஜாவை மட்டும் எடுத்தான். பெரியவர் டம்ளருக்காகக் கையை நீட்டினார்.

"ரெண்டு கையையும்," என்றான் சாம்சன்.

அவருக்குப் புரிந்தது. யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அந்தப் பின்வாசலில் பார்த்ததுதான். கைகள் இரண்டையும் சேர்த்துக் குவித்தார். சாம்சன் எழுந்து நின்றான். கூஜாவை உயரத் தூக்கி ஊற்றினான். தண்ணீர் கையில் விழுந்து சிதறி முழங்கை வழியே பட்டுச் சட்டைக்குள் ஓடியது. மீதியை அவர் குனிந்து உறிஞ்சினார். கூஜா அவர் விரலில் படாமல் சாம்சன் கவனமாகப் பார்த்துக்கொண்டான். காலியாகும் வரை ஊற்றினான்.

பிறகு வராண்டாவுக்குப் போய்ச் சங்கிலியைக் கொக்கியிலிருந்து விடுவித்தான். தட்டு திறந்துகொண்டது. திரும்பி வந்து நாற்காலியின் பிரேக்கை எடுத்து, அவரை முன்வாசல் வழியே வெளியே தள்ளிக்கொண்டு வந்தான்.

வாசலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். விமல் ஓடிவந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"தேங்க்ஸ் பாஸ். நீங்க இல்லன்னா இன்னா ஆயிருக்கும்."

சாம்சன் பெரியவரைப் பார்த்தான். அவர் சொல்லலாம். இவன்தான் என்று கையைக் காட்டலாம். காட்டினால், இவன் யார், ஏன் செய்தான் என்று பித்தளைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். சுப்பராயன் மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் வாயைத் திறக்கவில்லை.

கொள்ளுப்பேத்தி புல்வெளியில் நின்று, சிவந்த கண்களோடு, போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கூண்டிலிருந்து புகை அழகாக மேலே போய்க்கொண்டிருந்தது.

சாம்சன் பஸ் பிடித்து மணவாள நகர் வந்து சேர்ந்தபோது சுகிர்தா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சட்டையின் நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கழட்டிப் போடு மொதல்ல."

கழற்றிக் கொடுத்தான். அவள் அதை வாளியில் அமுக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"இருமுனானா?"

"இருமுனான்."

"அப்பா பேரு தெரிஞ்சிதா அவனுக்கு?"

"தெரிஞ்சிது."

வாளியில் அவள் கை நின்றது. அவன் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தான்.

"சோத்தப் போடு. பசிக்குது," என்றான்.